எஞ்சினும் கியர்பாக்ஸும்: ஒரே வரைபலகை



எஞ்சினை முதலில் வடிவமைத்துவிட்டு, அதன் ஆற்றலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் வழியைப் பிறகு தேடிக்கொள்ளலாம் என்ற எண்ணம் இன்னும் நம்மிடம் வலுவாக இருக்கிறது. இரண்டும் ஒரே வடிவமைப்பு என்பதே நான் இந்தக் கருத்தரங்கில் முன்வைக்கும் கருத்து. 1959இல் வந்த மினி காரை எடுத்துக்கொள்வோம். சூயஸ் நெருக்கடியில் பிரிட்டன் பெட்ரோலுக்குத் தவித்தபோது பிறந்த திட்டம் அது. பத்தடி நீளத்துக்குள் நால்வர் உட்கார வேண்டும். அதன் வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸின் கையில் இருந்ததோ, நெடுக்குவாட்டில் வைப்பதற்கென்று உருவான நாலு சிலிண்டர் எஞ்சின். அதைக் குறுக்காகத் திருப்பினார். பக்கத்தில் இடம் போதாததால் கியர்பாக்ஸை எஞ்சினுக்கு அடியில், எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே வைத்தார். உள்ளே கிடைத்த இடம் வியப்புக்குரியது. அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே எண்ணெய். பற்களுக்கிடையே நசுங்கி நசுங்கி அது சீக்கிரம் நீர்த்துப்போகும். கியர்பாக்ஸில் கைவைக்க வேண்டுமானால் எஞ்சினையும் சேர்த்தே வெளியே எடுக்க வேண்டும்.

இதே கேள்விக்கு ஃபியட்டின் தாந்தே ஜாகோசா வேறு விடை கண்டார். எஞ்சினின் முனையிலேயே, அதே நேர்கோட்டில், தனி எண்ணெயோடு கியர்பாக்ஸைப் பொருத்தினார். 1964இல் ஆட்டோபியாங்கி பிரிமுலாவில் சோதித்துப் பார்த்த இந்த அமைப்பு, 1969இல் ஃபியட் 128இல் முழுமை பெற்றது. என் மதிப்பீட்டில் மினியைவிட முதிர்ந்த வடிவமைப்பு இதுதான். முன்சக்கரங்கள் இழுக்கும் கார்களில் பெரும்பாலானவை இன்றும் இவ்வழியில்தான் வருகின்றன. 1983இல் வந்த நம் மாருதி 800உம் அப்படியே. ஆனால் இந்த அமைப்பில் எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டின் நீளமும் சேர்ந்து முன்சக்கரங்களின் இடைவெளிக்குள் அடங்கியாக வேண்டும். வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சின் இங்கே அரிதானதும், வி-6 இடம்பிடித்ததும், ஆறு வேகக் கியர்பாக்ஸைக் குட்டையாக்க மூன்று தண்டு அமைப்பு வந்ததும் இந்த இடநெருக்கடியால்தான்.

ஜாகோசாவின் அமைப்பில் டிஃபரன்ஷியல் நடுவிலிருந்து விலகுகிறது. இருபுறத் தண்டுகளும் நீளத்தில் வேறுபட, வேகமெடுக்கும்போது ஸ்டியரிங் ஒருபக்கம் இழுக்கிறது என்பார்கள். உண்மைதான். இடைத்தண்டு ஒன்றைச் சேர்த்து அதைச் சரிசெய்கிறார்கள். அந்தத் தண்டைத் தாங்கும் பேரிங்கை எஞ்சின் பிளாக்கில் பொருத்துவதே வழக்கம். அதற்கான இடத்தை எஞ்சினை வார்க்கும்போதே விட்டிருக்க வேண்டும். ஆகவே அந்த மறுப்பே என் கருத்துக்குச் சான்றாகிறது. ஒரே எஞ்சினைப் பல கார்களில் பயன்படுத்தினால் செலவு குறையும் என்பது இன்னும் வலுவான எதிர்வாதம். மோரிஸ் மைனரில் நெடுக்காக ஓடிய எஞ்சின் குடும்பம்தான் மினியில் குறுக்காக ஓடியது. அந்தச் சிக்கனத்தின் விலையைத்தான் எண்ணெய்த் தொட்டியில் பார்த்தோம்.

மின்கார் வந்தபின் இந்த விவாதம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. மின்காரிலும் இதே கதைதான்: மோட்டாரைச் சிறிதாக்கினால் அது மிக வேகமாகச் சுழல வேண்டும். அப்போது வேகத்தைக் குறைக்கும் கியரின் விகிதம் கூடும், அதன் இரைச்சலும் கூடும். மோட்டாரின் அளவைத் தீர்மானிப்பவரே கியரையும் தீர்மானிக்கிறார்.

எனவே ஒரு வேண்டுகோள். இக்கருத்தரங்கில் எஞ்சின் ஆய்வாளர்கள் கியர் அமர்வுகளிலும், கியர் ஆய்வாளர்கள் எஞ்சின் அமர்வுகளிலும் வந்து அமருங்கள், கேள்வி கேளுங்கள்.