சிறுநீரகமும் கணக்கேடும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாம் மருத்துவம் கற்றவரல்லோம். மெட்ரிகுலேஷன் தேறி, புகைவண்டி அலுவலகத்தில் கணக்கெழுதிப் பிழைக்கின்றோம். ஆயினும், கணக்கேட்டை அலட்சியம் செய்ததால் நேர்ந்ததொன்றைப் பழவங்காடி வாழ் தமிழ்க் குடும்பங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

நம் அன்னையார்க்கு வயது 60; நெடுநாளாய்ச் சர்க்கரை நோய் உண்டு. சென்ற ஆண்டு இரத்தத்தில் கிரியாட்டினின் 1.4 எனச் சீட்டு வந்தது. வலியில்லை, வீக்கமில்லை. ‘சற்றே கூடுதல்’ என்றெண்ணி அதை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டோம். பிழை நம்முடையதே.

கிரியாட்டினின் தசைகள் விடும் கழிவு. ஆதலால் ஒரே அளவு எல்லார்க்கும் ஒரே பொருள் தராது. 25 வயது இளைஞர்க்கு அதே 1.4 இருப்பின், சிறுநீரகம் நிமிஷத்துக்குச் சுமார் 71 மில்லி லிட்டர் வடிகட்டுவதாகக் கணக்கு. நம் அன்னையார்க்கோ 43 தான்! சீட்டில் இதனை ‘இ.ஜி.எஃப்.ஆர்.’ என அச்சிடுவர். 90-உம் அதற்கு மேலும் நன்று. 60-க்குக் கீழ் மூன்று திங்கள் நீடித்தால் அது நாட்பட்ட நோய். 15-க்கும் கீழே இறங்குவது ஐந்தாம் படி, கடைசிப் படி.

மற்றோர் அளவுகோல் சிறுநீரில் கசியும் ஆல்புமின். 1 கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராம் எட்டினாலே எச்சரிக்கை. வடிகட்டும் ஆற்றல் குறையுமுன்னரே இது காட்டிக்கொடுப்பதுண்டு.

வண்டி ஒரு நிலையத்தில் பத்து நிமிஷம் தாமதித்தால் கவலையில்லை. நிலையந்தோறும் தாமதம் வளர்ந்தாலன்றோ கவலை? அதுபோல, ஒரு சீட்டு தீர்ப்பாகாது. சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கினாலே போக்குத் தெரியும். ஆண்டுக்கு 5-க்கு மேல் தொடர்ந்து குறைவது விரைந்த சரிவு.

சரிவைத் தடுத்தல் செல்வர்க்கே இயலும் என எண்ணற்க. டாக்டர் எம். கே. மணி அவர்களின் ‘கிட்னி ஹெல்ப் டிரஸ்ட்’, சென்னையை அடுத்த சிற்றூர்களில் பயிற்சி பெற்ற ஊழியரைக் கொண்டு வீடுவீடாகச் சிறுநீரையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்து, வேண்டியவர்க்கு மலிவான மருந்துகளை வழங்கியது. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அடக்குவதே அதன் வழி.

அன்னையார் இன்று மருந்துண்டு, உப்பைக் குறைத்து, மருத்துவரைக் கேளாமல் விழுங்கிய வலி மாத்திரைகளையும் விட்டொழித்துள்ளார். பின்னர் வந்த இரு சீட்டுகளிலும் 42. இழந்தது மீளவில்லை; எஞ்சியது நிற்கின்றது.

அன்பர்களே! சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ள இல்லந்தோறும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். தேதி, இரத்த அழுத்தம், வடிகட்டும் அளவு, ஆல்புமின் ஆகிய நான்கு கட்டங்கள் போதும். பால் கணக்கு எழுதும் கைகள் இதனையும் எழுதட்டும்!