அநாமதேயரும் பிறரும்



அண்ணன் ஒருவன் தன் வங்கிக் கணக்கிலிருந்து தங்கையின் கணக்குக்கு 500 ரூபாய் அனுப்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். நமக்கு அது ஒரே காரியம், கணிப்பொறிக்கோ இரண்டு. ஓரிடத்தில் கழிக்க வேண்டும், வேறோரிடத்தில் கூட்ட வேண்டும். கழித்தாகிவிட்டது, கூட்டுவதற்குள் மின்சாரம் நின்றுவிட்டது. இப்போது அந்த 500 ரூபாய் எங்கே இருக்கிறது? அண்ணனிடம் இல்லை, தங்கையிடமும் இல்லை. திரிசங்குவைப் போல் அந்தரத்தில் தொங்குகிறது. இத்தகைய நிலை எக்காலத்திலும் நேராதபடி, இரண்டு காரியங்களும் நிறைவேற வேண்டும், இல்லையேல் இரண்டுமே தொடங்கப்படாதவைபோல் துடைக்கப்பட வேண்டும் என்னும் நியதியை வகுத்து, பரிவர்த்தனை என்ற பெயரால் அதற்கு ஒரு சாஸ்திரத்தையே சமைத்துக் கொடுத்தவர்களுள் தலைசிறந்தவர், 1944-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிறந்த ஜிம் கிரே. அவருடைய சாஸ்திரத்தைக் காட்டிலும், அதை அவர் கொடுத்த விதத்தைப் பற்றியே இன்று சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

வங்கிக் கணக்கு, ரயில் முன்பதிவு, மருத்துவமனைக் குறிப்பு, ரேஷன் அட்டை ஆகிய சகலத்தையும் தாங்கி நிற்கும் தரவுத்தளங்கள் என்னும் மாபெரும் பேரேடுகளை அமைப்பவர்களும் காப்பவர்களுமாக ஒரு கூட்டத்தார் உலகெங்கும் இருக்கிறார்கள். எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை இவர்கள் இருப்பதே எவருக்கும் தெரியாது. நள்ளிரவில் ஏதேனும் ஒன்று நின்றுபோனால் தூக்கத்திலிருந்து முதலில் எழுப்பப்படுகிறவர்கள் இவர்களே. பிறருடைய இரகசியங்களைக் காப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்ட இந்தக் கூட்டத்தார், தம் சொந்தத் தொழில் இரகசியங்களை மட்டும் காக்கத் தெரியாதவர்களாக இருப்பது எனக்கு நெடுநாளைய வியப்பு.

கல்வி என்பது கொடுக்கக் கொடுக்க வளரும் செல்வம் என்று மேடைதோறும் கேட்டிருக்கிறோம். ஆயினும், வித்தையை விற்று வயிறு வளர்ப்பவனுக்கு அது அத்தனை சுலபமான உண்மையாகத் தோன்றுவதில்லை. கைகண்ட மருந்தைப் பெற்ற மகனுக்குக்கூடச் சொல்லாமல் கண்ணை மூடிய நாட்டு வைத்தியர்களை நாம் எளிதில் நிந்தித்துவிடுகிறோம். அந்த ஒரு மருந்தே அவர்களுக்கு நிலமும் வீடுமாக இருந்தது என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. கணிப்பொறித் தொழிலிலும் அதே நிலைதான். ஒரு நுட்பத்தை அறிந்த நிறுவனம் ஒன்றாகவும் அறியாத நிறுவனங்கள் பலவாகவும் இருக்கும்வரையில்தான் அந்த நுட்பத்துக்கு விலை.

இருந்தும், இத்தொழிலின் ஆதியிலேயே ஒரு நல்ல பழக்கம் வேரூன்றிவிட்டது. ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர், தரவுகளை வரிசையும் பத்தியுமான அட்டவணைகளாக அமைக்கலாம் என்ற தம் கருத்தை 1970-ஆம் ஆண்டில் ஒரு சஞ்சிகையில் பகிரங்கமாக வெளியிட்டார். அதே கூடத்தில் அந்தக் கருத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் சிஸ்டம் ஆர் என்ற முயற்சி நடந்தபோது, அதில் ஈடுபட்டவர்களும் தாம் கண்டவற்றையெல்லாம் கட்டுரைகளாகப் பிரசுரித்த வண்ணமே இருந்தார்கள். விளைவு என்ன? அக்கட்டுரைகளை ஊன்றிப் படித்த வேறொரு சிறு கம்பெனி, ஆரக்கிள் என்னும் சரக்கை 1979-லேயே சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது, கண்டுபிடித்த ஐ.பி.எம். தன் சொந்தச் சரக்கை விற்கத் தொடங்கியது 1981-ல்தான். இதை ஔதாரியம் என்பதா, ஏமாளித்தனம் என்பதா என்று வர்த்தகர்கள் இன்றும் வாதிடக்கூடும். நிறுவனம் மனமுவந்து கொடுத்தது என்று நானும் சொல்ல மாட்டேன். ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள், எழுதுவது அவர்கள் சுபாவம்; நிறுவனம் தடுக்கவில்லை, அவ்வளவே. பெர்க்லி சர்வகலாசாலையில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் அதே கட்டுரைகளைப் படித்து இங்க்ரெஸ் என்ற தரவுத்தளத்தை உருவாக்கி, அதன் மூலநிரலைக் காந்த நாடாக்களில் பதித்துச் சொற்பக் கட்டணத்துக்குக் கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தார்கள்; அந்தப் பரம்பரையில் 1986-ல் தொடங்கிய போஸ்ட்கிரெஸ், இன்று எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமாகாமல், பல தேசத்தாரின் உழைப்பில் வளர்ந்துகொண்டிருக்கிறது.

ஜிம் கிரே இந்தச் சூழ்நிலையில் பழகியவர். பெர்க்லியில் 1969-ல் முனைவர் பட்டம் பெற்று, ஐ.பி.எம்.மில் சிஸ்டம் ஆர் முயற்சியில் உழைத்து, 1980-ல் டாண்டம் என்ற கம்பெனியில் சேர்ந்தார். டாண்டம் கம்பெனியின் பெருமை யாதெனில், நில்லாமல் ஓடும் கணிப்பொறிகள் என்று சொல்லியே தன் இயந்திரங்களை விற்றுவந்ததுதான். அங்கே உட்கார்ந்துகொண்டு கிரே 1985-ஆம் ஆண்டில் எழுதிய அறிக்கையின் தலைப்பைக் கேளுங்கள்: கணிப்பொறிகள் ஏன் நின்றுபோகின்றன, அதற்கு என்ன செய்யலாம் என்பது. தீப்பிடிக்காத பட்டாசுக் கிடங்கு என்று விளம்பரம் செய்துவிட்டு, எங்கெங்கே தீப்பிடித்தது என்று பட்டியல் போடுவதற்கு இது சமானம். தம் கம்பெனி விற்ற இயந்திரங்கள் வாடிக்கையாளர்களிடம் நின்றுபோன சந்தர்ப்பங்களையே தொகுத்து ஆராய்ந்து, அவற்றுள் நூற்றுக்கு 42 பங்கு, இயக்குவோரும் பராமரிப்போரும் அமைப்போரும் செய்த பிழையால் நேர்ந்தது என்றும், மென்பொருளின் குற்றம் நூற்றுக்கு 25 என்றும், எல்லோரும் பழிபோடும் வன்பொருளின் குற்றம் நூற்றுக்கு 18 மட்டுமே என்றும் அவர் கணக்குக் காட்டினார். வைத்தியர் வீட்டு வாசற்படியை மிதித்தவுடன் மறைந்துபோகும் பல்வலியைப் போல, ஆராயப் புகுந்ததும் காணாமற்போகும் பிழைகள் சில உண்டென்றும், அவற்றுக்கு ஒரு முறை நிறுத்தி மறுபடி தொடங்குவதே பெரும்பாலும் போதுமான சிகிச்சை என்றும் அதே அறிக்கையில் விளக்கினார்.

வெற்றியை விளக்கி எழுதுவதில் கொடுப்பவனுக்கும் ஒரு லாபம் உண்டு, புகழாவது மிஞ்சும். தோல்வியை விளக்கி எழுதுகிறவனுக்கு மிஞ்சுவது என்ன? நாளை இதே குழியில் விழவிருந்த முன்பின் அறியாத ஒருவன் விழாமல் தப்புவான். தப்பியதுகூட அவனுக்குத் தெரியாது, ஆகையால் நன்றி சொல்லவும் மாட்டான். இத்தொழிலில் நான் மிக உயர்வாக மதிக்கும் கொடை இதுவே. இந்தப் பழக்கம் கிரேயோடு நின்றுவிடவில்லை. கிட்லேப் என்ற நிறுவனத்தில் 2017 ஜனவரி 31-ஆம் நாள் இரவு, களைத்துப்போயிருந்த பொறியாளர் ஒருவர் தவறான கணிப்பொறியில் கட்டளையிட்டு நடைமுறைத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டபோது, எடுத்துவைத்ததாக நம்பியிருந்த காப்புப் பிரதிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டன. அந்நிறுவனத்தார் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. தாம் மீட்கப் படும் பாட்டை உலகமே நேரலையில் பார்க்கும்படி செய்து, எது எதனால் தவறியது என்பதைப் பின்னர் விவரமாக எழுதியும் வெளியிட்டார்கள். அழித்தவரின் பெயரை மட்டும் வெளியிடவில்லை. அந்த ஒரு மௌனமும் எனக்குத் தாராள சிந்தையாகவே படுகிறது.

இனி, இந்த உரையின் தலைப்புக்கு வருகிறேன். 1985 ஏப்ரல் முதல் தேதியிட்ட டேட்டமேஷன் என்ற தொழிற்பத்திரிகையில், பரிவர்த்தனைகளை நடத்தும் ஆற்றலை அளப்பது எப்படி என்று ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், அநாமதேயரும் பிறரும் என்ற பொருளில் ஒரு சொற்றொடர்தான் இருந்தது. முட்டாள்கள் தினத்து இதழாயிற்றே, விளையாட்டோ என்று சிலர் ஐயுற்றிருந்தாலும் வியப்பில்லை. எழுதியவர் கிரேதான். முதலில் ஒரு வரைவை எழுதி, பிற கம்பெனிகளிலும் சர்வகலாசாலைகளிலும் இருந்த நிபுணர்களுக்கு அனுப்பி, அவர்கள் சொன்ன திருத்தங்களையெல்லாம் ஏற்றுக்கொண்டார்; அவ்விதம் பங்குகொண்டவர்கள் 24 பேர். அவர்களுள் போட்டிக் கம்பெனிகளில் சம்பளம் வாங்கியவர்களும் இருந்தார்கள். டாண்டம் கம்பெனிக்காரர் எழுதியது என்று தெரிந்தால் மற்றக் கம்பெனிகள் அந்த அளவுகோலைத் தொடவும் கூசும். ஆகவே, எல்லோருக்கும் பொதுவாகும் பொருட்டுத் தம் பெயரை எடுத்துவிட்டார். படி ஊருக்குப் பொதுவாக இருக்க வேண்டுமானால், அதில் எந்த மளிகைக்காரர் பெயரும் பொறித்திருக்கக் கூடாதல்லவா?

அவர் வகுத்த படி ஒரு கற்பனை வங்கி. விநாடிக்கு 100 பரிவர்த்தனைகள் நடத்துவதாகச் சொல்லும் கணிப்பொறி, 1,000 கிளைகளும் 10,000 காசாளர்களும் ஒரு கோடிக் கணக்குகளும் கொண்ட வங்கியின் பற்றுவரவைச் சமாளித்துக் காட்ட வேண்டும். டாண்டம் இயந்திரங்கள் இவ்வகை வேலைக்கென்றே பிறந்தவை என்பதையும், இந்த அளவுகோலால் அக்கம்பெனிக்கு அநுகூலம் இல்லாமற் போகவில்லை என்பதையும் நான் மறைக்கவில்லை. சுயலாபம் கொஞ்சமும் கலவாத தானத்தைத் தேடிப் புறப்பட்டால் நாம் வெறுங்கையோடுதான் திரும்ப நேரும். கம்பெனிகள் செய்த வேடிக்கையையும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் எவருமே இல்லாத வங்கியைப் போல, முனையங்களையும் அவற்றை இணைக்கும் வலையையும் விட்டுவிட்டு ஓட்டி, எங்கள் எண் பெரிது, உங்கள் எண் சிறிது என்று பத்திரிகைகளில் பறைசாற்றின. இந்த அக்கிரமத்தைச் சகியாமல்தான், 1988 ஆகஸ்டில் ஓம்ரி செர்லின் என்பவருடைய முயற்சியால் எட்டுக் கம்பெனிகள் கூடி, பரிவர்த்தனை அளவுகோல்களுக்கென்று ஒரு பொதுச் சபையை ஏற்படுத்தின. அச்சபை இன்றும் இருக்கிறது.

கிரே 1998-ல் கணிப்பொறித் துறையின் மிக உயர்ந்த விருதாகிய டூரிங் விருதைப் பெற்றார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே, ஆந்திரேயாஸ் ராய்ட்டர் என்ற ஜெர்மானிய அறிஞருடன் சேர்ந்து, தாம் அறிந்த தொழில் நுணுக்கங்களை ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரு நூலாக எழுதிவைத்துவிட்டார். இங்கே நமக்குப் பரிச்சயமான மண்ணின் பெயர் ஒன்றையும் சொல்லலாம். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் இரசாயனப் பொறியியல் படித்து, கிரே முன்பு உழைத்த அதே ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்த சி. மோகன், தம் சகாக்களுடன் 1992-ல் ஏரீஸ் என்ற முறையை வெளியிட்டார். மின்சாரம் நின்று மீண்டும் வந்தால், தரவுத்தளத்தின் நாட்குறிப்பைப் பார்த்து நடந்தவற்றையெல்லாம் முதலில் மறுபடி நடத்திவிட்டு, அதன்பின் முடியாமல் நின்றவற்றை மட்டும் பின்னோக்கித் துடைத்துவிடுவது அதன் சாரம். 60 பக்கங்களுக்கு மேல் நீளும் அந்தக் கட்டுரையைப் படித்து, ஐ.பி.எம்.முக்குப் போட்டியான நிறுவனங்களும் தம் தரவுத்தளங்களைச் செப்பனிட்டுக்கொண்டன. திரிசங்கு நிலையில் தொங்கிய நம் 500 ரூபாய் பத்திரமாகக் கரைசேருவது இத்தகைய உபாயங்களினால்தான்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் சேர்ந்தபின், கிரேயின் கவனம் வானத்தின்மீது சென்றது. அலெக்ஸ் சாலாய் என்ற வான சாஸ்திரியுடன் சேர்ந்து, தொலைநோக்கி திரட்டிய நட்சத்திரத் தரவுகளை எவரும் எடுத்தாளும்படி செய்யப் புகுந்தபோது, அவர் முதலில் செய்த காரியம், உங்கள் தரவை நோக்கி நீங்கள் கேட்க விரும்பும் முக்கியமான 20 கேள்விகள் எவை என்று வானியலாரைக் கேட்டதுதான். அந்த இருபதுக்கும் விடை கிடைக்கும்படி பேரேட்டை அமைத்தார். தமக்குத் தெரிந்ததைச் சொல்வதற்கு முன் எதிரே இருப்பவருக்கு எது வேண்டும் என்று கேட்கும் நிபுணர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நட்சத்திரத் தரவுகளுக்குக் காசு மதிப்பே இல்லை, ஆகவே அவற்றோடு வேலை செய்வது சுகம் என்று அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதற்குச் சற்று முன்பு, 1998-ல், ஆகாயத்திலிருந்து எடுத்த பூமிப் படங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி டெர்ரா சர்வர் என்ற பெருந்தொகுப்பையும் அவருடைய குழுவினர் திறந்துவைத்திருந்தார்கள்.

2007 ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை. தாயாரின் அஸ்தியைக் கடலில் கரைப்பதற்காக, ஜிம் கிரே தம் பாய்மரப் படகில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஃபாரலோன் தீவுகளை நோக்கித் தனியே புறப்பட்டார், திரும்பி வரவில்லை. கடலோரக் காவற்படை நான்கு நாட்கள் தேடிவிட்டு நிறுத்திக்கொண்டது. அதன்பின் தேடியவர்கள் அவருடைய தொழில்முறை நண்பர்கள். எந்தெந்தக் கம்பெனிகளிலோ ஒருவரோடொருவர் போட்டியிட்டுக்கொண்டிருந்த அவர்கள், செயற்கைக்கோள்களைத் திருப்பி அந்தக் கடற்பரப்பைப் படம் பிடிக்க ஏற்பாடு செய்து, அப்படங்களைச் சிறுசிறு துண்டுகளாக நறுக்கி, ஆயிரக்கணக்கான தொண்டர்களின் கண்முன் வைத்தார்கள். கிரேயை ஒரு முறையேனும் பார்த்தறியாத எத்தனையோ பேர் இரவு பகலாக உட்கார்ந்து, நீல நிறப் பரப்பில் படகைப் போன்ற ஒரு வெள்ளைப் புள்ளி தெரிகிறதா என்று துண்டு துண்டாகப் பார்த்தார்கள். சில புள்ளிகள் தெரிந்தன. விமானம் ஏறிச் சென்றும் தேடினார்கள். படகின் ஒரு பலகைகூட அகப்படவில்லை.

நடந்து முடிந்தது என்று எழுதவும் இயலாமல், நடக்கவில்லை என்று துடைக்கவும் இயலாமல் நின்ற அந்தக் கணக்கை, ஐந்து ஆண்டுகள் காத்திருந்து, 2012-ல் நீதிமன்றம் எழுதி முடித்தது.