கடல் கடந்த மேற்படிப்பும் நம் தோட்டத்துப் பிள்ளைகளும்

(மட்டக்குளியில் ஞாயிற்றுக்கிழமை நடந்த பெற்றோர், இளைஞர் கூட்டத்தில் நமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கடை லீவு நாளிலே வீட்டு வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு இவ்வளவு பேர் வந்திருப்பது மிகுந்த மகிழ்ச்சி. மஸ்கெலியா, தலவாக்கலை, பதுளைப் பக்கமிருந்து இராத்திரியே பஸ் ஏறி வந்த பெற்றோரும் இருக்கிறீர்கள். மஸ்கெலி ஓயாத் தண்ணீர் களனி கங்கையோடு ஓடி வந்து இந்த மட்டக்குளிப் பக்கம்தான் கடலில் சேருகிறது. நம்ம பிள்ளைகளும் அப்படித்தான் மலையிலிருந்து இறங்கி இங்கே வந்து சேருகிறார்கள். கடைக்கும் ஹோட்டலுக்கும் கார்மென்ட்ஸுக்கும் வந்தவர்கள் அதிகம். பல்கலைக்கழகப் படிப்புக்கு வந்தவர்களும் இப்போது இருக்கிறார்கள். அந்தப் படிப்புக்கு மேலே உள்ள படியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் படிக்கப் புலமைப்பரிசில் எடுப்பது எப்படி என்பதுதான் விஷயம்.

"உயர்தரம் தாண்டுவதே பெரும்பாடு, இதிலே வெளிநாடா?" என்று சிலர் நினைப்பீர்கள். நியாயமான கேள்விதான். எங்கள் படிப்பும் சாதாரண தரத்தோடு நின்றதுதான். ஆனால் பல வருஷமாகப் பிள்ளைகளுடைய விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்ததில் ஒன்றைக் கண்டிருக்கிறோம். நம் பிள்ளைகள் மூளை போதாமல் நிற்பதில்லை. பாதை தெரியாமலும் பத்திரம் சரியில்லாமலும்தான் நிற்கிறார்கள். பட்டம் முடித்து வந்து, ஆசிரியர் நியமனம் வரும் என்று லயத்திலே காத்திருக்கும் பிள்ளைக்கு, வேறு ஒரு வாசலும் இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை.

முதலில் ஆராய்ச்சிப் பட்டம் என்றால் என்ன? பட்டத்துக்கு மேலே முதுமாணி, அதற்கு மேலே கலாநிதி. கலாநிதி என்றால் ஊசி போடும் டாக்டர் அல்ல. இதுவரை யாரும் சரியாகப் பதில் சொல்லாத ஒரு கேள்வியை எடுத்து, மூன்று நான்கு வருஷம் தேடி, ஆதாரத்தோடு பதில் எழுதியவர். நீங்கள் கொழுந்து எடுக்கும் வீ.பி. மலையை நினைத்துப் பாருங்கள். எந்தச் செடியை வெட்டிப் பதியம் வைத்தால் விளைச்சல் கூடும், எந்தச் செடி நோயைத் தாங்கும் என்று யாரோ இருந்து வருஷக்கணக்கில் பார்த்ததால்தான் அந்த மலை உண்டானது. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்திலே இருந்து செய்யும் வேலை அதுதான். ஆராய்ச்சி நமக்குத் தூரத்துச் சரக்கு அல்ல. நம்ம கூடைக்குள்ளேயே இருக்கிறது.

செடியை மட்டும் ஆராயவில்லை, நம்மையும் ஆராய்ந்திருக்கிறார்கள். தோட்டத்துப் பெண் தொழிலாளரைப் பற்றி ரேச்சல் குரியன் எழுதிய நூல் 1982இல் வந்தது. நோர்வேயிலிருந்து வந்த ஒட்வார் ஹொல்லுப் எழுதியது 1994இல், அமெரிக்கர் டானியல் பாஸ் எழுதியது 2013இல், மைத்ரி ஜெகதீசன் எழுதியது 2019இல். இவர்கள் லயத்துக்கு வந்தார்கள், நம்ம அம்மாமாரிடம் கேட்டார்கள், எழுதினார்கள். நல்ல காரியம், நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ஒரு விஷயம். அவர்கள் வந்து கேட்டுத் தெரிந்துகொண்டதை நம்ம பிள்ளை பிறந்ததிலிருந்து தெரிந்து வைத்திருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. எந்தச் சரிவிலே எந்த லயம் ஆபத்தில் இருக்கிறது, எச்சரிக்கை வந்த பிறகும் சனம் ஏன் எழுந்து போக முடியாமல் இருக்கிறது என்ற கேள்வியை, அந்தச் சரிவிலே வளர்ந்த பிள்ளையை விட யார் நன்றாகக் கேட்பார்கள்?

புலமைப்பரிசில் தருகிறவர்கள் தேடுவதும் இதைத்தான். இது ஏழைக்குப் போடும் தருமம் அல்ல. நல்ல கேள்வி ஒன்று, அதற்குப் பதில் தேடத் தகுதியான ஆள் ஒருவர், இரண்டையும் பார்த்துத்தான் காசு கொடுக்கிறார்கள்.

தமிழ் படித்த பிள்ளைக்கு வெளிநாட்டிலே என்ன வேலை என்று கேட்பீர்கள். பேராசிரியர் கைலாசபதியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கொழும்பிலே தினகரன் பத்திரிகை ஆசிரியராக இருந்தவர். பிறகு இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் போய், நம் பழந்தமிழ் வீரப் பாடல்களைக் கிரேக்கப் பாடல்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 1966இல் கலாநிதியானார். அந்த ஆராய்ச்சி 1968இல் ஒக்ஸ்போர்ட்டில் நூலாக வந்தது. திரும்பி வந்து, 1974இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவரானார். பேராசிரியர் சிவத்தம்பியும் அதே பர்மிங்ஹாமில் பழந்தமிழ் நாடகத்தை ஆராய்ந்து 1970இல் பட்டம் பெற்றார். இருவருக்கும் வழிகாட்டி ஜோர்ஜ் தொம்சன். அவர் கிரேக்க இலக்கியத்தில் பெரிய அறிஞர். பேர் பெற்ற ஊர் எது என்று மட்டும் அவர்கள் பார்க்கவில்லை. தங்கள் கேள்வி யாருக்குப் புரியும் என்று பார்த்துப் போனார்கள். நம்ம பிள்ளைகளும் அப்படித்தான் தேட வேண்டும்.

சரி, என்னென்ன வழிகள்? பொதுநலவாயப் புலமைப்பரிசில் திட்டம் 1959இல் ஒக்ஸ்போர்ட் மாநாட்டில் முடிவாகி, அடுத்த வருஷமே மாணவர் போகத் தொடங்கினார்கள். ஜப்பான் அரசின் புலமைப்பரிசில் 1954 முதல் இருக்கிறது. அதிலே முதலில் ஆராய்ச்சி மாணவராகப் போய்ப் பிறகு முதுமாணி, கலாநிதி என்று ஏறலாம். வயதெல்லை உண்டு. இந்தியா போவதென்றால் முதுமாணிக்கு மௌலானா ஆசாத் புலமைப்பரிசிலை உயர்ஸ்தானிகராலயம் அறிவிக்கிறது. பிரித்தானியாவின் செவனிங் ஒரு வருஷ முதுமாணிக்கு மட்டும். அதற்கு இரண்டு வருஷ வேலை அனுபவம் வேண்டும். அமெரிக்காவிலே பெரும்பாலும் பல்கலைக்கழகமே கலாநிதி மாணவருக்குக் கட்டணத்தைத் தள்ளி, கற்பித்தல் உதவி வேலை கொடுத்துச் சாப்பாட்டுச் செலவுக்கும் காசு தருகிறது. நோர்வே, நெதர்லாந்து போன்ற நாடுகளில் கலாநிதிப் படிப்பே பெரும்பாலும் சம்பளத்தோடு வரும் வேலை. விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறும். ஆகவே அந்தந்த வருஷத்து அறிவித்தலைப் படித்துத்தான் போட வேண்டும்.

இப்போது பத்திர விஷயம். இதைக் கவனமாகக் கேளுங்கள்.

1959இல் அந்தப் பொதுநலவாயத் திட்டம் பிறந்தபோது நம்ம பாட்டன்மாரின் நிலை என்ன? 1948ஆம் வருஷச் சட்டத்தாலே குடியுரிமை இல்லை. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் கணக்கெடுத்தபோது நாடற்றவர்கள் சுமார் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர். நாடே இல்லாதவனுக்கு ஏது பாஸ்போட், ஏது புலமைப்பரிசில்? மிச்சமிருந்தவர்களுக்கும் வழி திறந்தது 2003ஆம் வருஷ 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான். ஆகையால் மற்றவர்கள் மூன்று தலைமுறையாக நடந்த பாதையிலே நாம் இப்போதுதான் கால் வைக்கிறோம். அந்த உரிமையை ஒரு எழுத்துப் பிழையாலே இழக்கக் கூடாது.

எழுத்துப் பிழை என்று ஏன் சொல்கிறோம்? லெட்சுமி என்ற பேரை எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழில் லெட்சுமி, அடையாள அட்டையில் லக்ஷ்மி, பரீட்சைச் சான்றிதழில் இலட்சுமி. ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னும் நான்கு விதம். அப்பா பேர் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் இல்லவே இல்லை. வெளிநாட்டிலே இருக்கிறவர் இது மூன்று பேருடைய பத்திரம் என்றுதான் நினைப்பார். எங்களுக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, அப்பா அம்மா இருவருமே கொழுந்து, கவ்வாத்து வேலை. நல்ல சித்தி பெற்று வெளிநாட்டில் இடமும் கிடைத்தது. பேர் பொருந்தவில்லை என்று ஓர் அலுவலகத்தில் இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று அலைய விட்டார்கள். பேர் திருத்தி வந்தபோது அந்த வருஷம் போய்விட்டது. அடுத்த வருஷம் தம்பியின் படிப்புக்காக அவள் வேலைக்குப் போய்விட்டாள்.

செக்ரோலிலே பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை என்று நமக்குத் தெரியும். கங்காணியிடம் நின்று பேரைச் சரி பார்க்கிறோம் இல்லையா? அதே கண்ணோடு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் பாருங்கள். சாதாரண தரத்துக்கு விண்ணப்பிக்கும் முன்னே பார்த்துவிட்டால் நல்லது. பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போய் முறைப்படி திருத்துங்கள். சத்தியக் கடதாசி தேவைப்பட்டால் முடித்து வையுங்கள். பிறகு ஆங்கிலத்தில் ஒரே ஒரு எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, எல்லா இடத்திலும் அதையே எழுதச் சொல்லுங்கள்.

அடுத்து, பல்கலைக்கழகத்தில் இருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு நான்கு விஷயம்.

ஒன்று, முடிந்தவரை நான்கு வருஷச் சிறப்புப் பட்டம் படியுங்கள். மூன்று வருஷப் பொதுப் பட்டத்தைப் பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஆராய்ச்சிக்குப் போதும் என்று எடுப்பதில்லை. கடைசி வருஷத்தில் எழுதும் ஆய்வுக் கட்டுரையைக் கடமைக்கு எழுத வேண்டாம். பின்னால் போகப்போகும் ஆராய்ச்சிக்கு அதுதான் நாற்று.

இரண்டு, சிபாரிசுக் கடிதம். இரண்டு மூன்று விரிவுரையாளர்கள் உங்களைப் பேர் சொல்லித் தெரிந்திருக்க வேண்டும். வகுப்பிலே பின் வாங்கில் ஒளிந்திருந்துவிட்டு, கடைசி நாளிலே போய் நின்றால் அவர் என்ன எழுதுவார்? குறைந்தது ஒரு மாதம் முன்னே கேளுங்கள். உங்கள் புள்ளிகள், ஆய்வுக் கட்டுரை, என்ன படிக்கப் போகிறீர்கள் என்ற குறிப்பு எல்லாம் கையில் கொடுத்துக் கேளுங்கள்.

மூன்று, ஆங்கிலம். தமிழ்மொழி மூலம் படித்த பிள்ளைக்கு இதுதான் பெரிய மலை. ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சைக் கட்டணம் ஒரு குடும்பத்துக்குப் பெரிய காசு. பெறுபேறு இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லும். ஆகவே அவசரப்பட்டு முன்கூட்டி எழுதவும் வேண்டாம், ஆயத்தமில்லாமல் எழுதவும் வேண்டாம். முதல் வருஷத்திலிருந்தே தினம் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள்.

நான்கு, ஆய்வு முன்மொழிவு. இரண்டு மூன்று பக்கம்தான். என் கேள்வி என்ன, இதைப்பற்றி முன்னே யார் என்ன எழுதினார்கள், நான் எப்படித் தேடப் போகிறேன், எவ்வளவு காலம் ஆகும். இவ்வளவையும் தெளிவாக எழுத வேண்டும். பிறகு அதே விஷயத்தில் எழுதியிருக்கும் பேராசிரியர் ஒருவருக்குச் சுருக்கமாகக் கடிதம் அனுப்புங்கள். "ஐயா உதவி செய்யுங்கள்" என்று கெஞ்ச வேண்டாம். உங்கள் நூலைப் படித்தேன், எனக்கு இந்தக் கேள்வி இருக்கிறது, வழிகாட்டுவீர்களா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வேறொருவருக்கு எழுதுங்கள். செப்டெம்பரில் தொடங்கும் படிப்புக்கு ஒரு வருஷம் முன்னேயே வேலை தொடங்க வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, டிசம்பரோடு விண்ணப்பம் மூடிவிடும்.

ஏஜென்சிக்காரர் விஷயத்தில் கவனம். "ஸ்கொலர்ஷிப் வாங்கித் தருகிறோம், முற்பணம் கட்டுங்கள்" என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். புலமைப்பரிசில் கொடுக்கிறவர் உங்களுக்குக் காசு தருவாரே தவிர, உங்களிடம் காசு கேட்கமாட்டார். சில பல்கலைக்கழகங்களின் விண்ணப்பக் கட்டணம் வேறு. அதையும் கஷ்ட நிலையைச் சொல்லி எழுதினால் சில இடங்களில் விலக்குகிறார்கள். தோட்டை அடகு வைக்கும் முன்னே எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கடைசியாகப் பெற்றோருக்கு. உங்கள் கஷ்டம் எங்களுக்குத் தெரியும். அரைப் பேர் விழுந்தாலே அந்த மாதம் கடைக்கடன் ஏறும். பட்டம் முடித்த பிள்ளை உடனே சம்பாதிக்க வேண்டும் என்று நினைப்பது குற்றம் அல்ல. பொம்பிளைப் பிள்ளையைத் தூர தேசம் அனுப்பப் பயப்படுவதும் இயல்பு. ஆனால் வீட்டு வேலைக்கென்று மத்திய கிழக்குக்கு நம்ம பெண்பிள்ளைகளை அனுப்பியிருக்கிறோம். அந்தத் துணிவிலே பாதி போதும், படிக்க அனுப்ப. முழுப் புலமைப்பரிசில் என்றால் விமானச் சீட்டு, கட்டணம், மாதச் செலவு எல்லாம் அதற்குள் வரும். பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்து லீவிலே போகிறவர்களுக்குப் பிணை கேட்பார்கள். தோட்டத்தில் பிணைக்கு ஆள் பிடிப்பது கஷ்டம். அதையும் முன்கூட்டியே உறவுக்காரர், ஆசிரியர்மாரோடு பேசி வையுங்கள்.

ஆகவே வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். தகரப் பெட்டியைத் திறந்து பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் மற்றப் பத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பிழை இருந்தால் அடுத்த முறை நாங்கள் தோட்டத்துக்கு வரும்போது கொண்டு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம். பல்கலைக்கழகத்தில் இருக்கும் பிள்ளையிடம், "உன் கேள்வி என்ன?" என்று ஒருமுறை கேளுங்கள். அது சொல்லும் பதில் நமக்குப் பாதி விளங்காமல் போகலாம். பரவாயில்லை. அம்மா அப்பா கேட்டார்கள் என்பதே அந்தப் பிள்ளைக்குப் பெரிய பலம்.