கடன் பத்திரமும் ரப்பர் பொம்மையும்



ஆட்சியில் இருப்பவரைக் கேலி செய்கிறது ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி. அதை நிறுத்திவிட வேண்டும் என்று அரசாங்கம் நினைக்கிறது. என்ன செய்யும்? தடை உத்தரவு போடும், எழுதியவரைப் பிடித்து உள்ளே தள்ளும் என்றுதான் நமக்குத் தோன்றும். அது பழைய வழி. அதில் கெட்ட பெயரும் அதிகம். எழுதியவரை விட்டுவிட்டு, தொலைக்காட்சி முதலாளியின் கழுத்தைப் பிடித்தால் வேலை சத்தமில்லாமல் முடிந்துவிடும். இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, கால் நூற்றாண்டுக்கு முன் மாஸ்கோவில் நடந்ததைப் பார்ப்போம்.

சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு, 1993இல், விளாதிமிர் குசின்ஸ்கி என்ற தொழிலதிபர் என்டிவி என்ற தனியார் தொலைக்காட்சியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அதில் ‘குக்லி’ வந்தது. பொம்மைகள் என்று பொருள். நாட்டின் பெரிய தலைகளெல்லாம் ரப்பர் பொம்மைகளாக வாரம் ஒருமுறை திரைக்கு வருவார்கள். பிரிட்டனிலும் பிரான்சிலும் ஏற்கெனவே இப்படிப்பட்ட நிகழ்ச்சிகள் இருந்தன. குக்லிக்கென்று ஒரு தனிக் குணம் இருந்தது. அதன் முதன்மை எழுத்தாளர் விக்தர் ஷெந்தெரோவிச், இலக்கியப் படைப்புகளை எடுத்து அவற்றில் அன்றைய அரசியல்வாதிகளைப் பாத்திரங்களாக நுழைத்துவிடுவார்.

1995இல் கார்க்கியின் ‘அடித்தளத்தில்’ நாடகத்தை இப்படி எடுத்தாண்டார்கள். அதிபர் போரிஸ் யெல்ட்சினும் அவருடைய சகாக்களும் பிழைக்க வழியில்லாத நாடோடிகளாகத் திரையில் அலைந்தார்கள். தலைமை அரசு வழக்கறிஞர் பொறுப்பில் இருந்த அலெக்சேய் இல்யுஷென்கோவுக்குக் கோபம் வந்துவிட்டது. கிரிமினல் வழக்குப் பதிவு செய்தார். ஊர் சிரித்தது. நிகழ்ச்சியின் புகழ்தான் கூடியது. சில மாதங்களில் வழக்கு கைவிடப்பட்டது. மறு ஆண்டு அந்த வழக்கறிஞரே லஞ்சக் குற்றச்சாட்டில் கைதானார். நேரடியாக மோதினால் கேலிக்குத்தான் வெற்றி என்பது அப்போதே தெரிந்துபோனது.

2000ஆம் ஆண்டு ஜனவரி. யெல்ட்சின் பதவி விலகி, விளாதிமிர் புதின் தற்காலிக அதிபராக அமர்ந்திருக்கிறார். மார்ச்சில் தேர்தல். அந்தச் சமயத்தில் குக்லி ஒரு பழைய ஜெர்மன் கதையை எடுத்துக்கொண்டது. ஹாஃப்மன் எழுதிய ‘குட்டி சாகெஸ்’. அவலட்சணமான ஒரு குள்ளன். அவன்மேல் இரக்கப்பட்டு ஒரு தேவதை மந்திரம் போடுகிறாள். அன்றிலிருந்து, பக்கத்தில் இருப்பவர்களின் அழகும் திறமையும் அவனுடையவையாகவே எல்லோர் கண்ணுக்கும் தெரிகின்றன. குக்லியில் அந்தக் குள்ளன் புதின். மந்திரச் சீப்பால் அவன் தலையை வாரிவிடும் தேவதை, போரிஸ் பெரெசோவ்ஸ்கி. அரசின் முதன்மைத் தொலைக்காட்சியைத் தன் செல்வாக்கில் வைத்திருந்த கோடீஸ்வரர் அவர். தொலைக்காட்சி ஒரு சாதாரண அதிகாரியைச் சில மாதங்களில் நாட்டின் நாயகனாக்கிய வித்தையை இதைவிடக் கச்சிதமாகச் சொல்ல முடியாது.

புதின் சட்டம் படித்த செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரும் பேராசிரியர்களும் கொதித்தெழுந்தார்கள். நிகழ்ச்சியை உருவாக்கியவர்கள்மீது கிரிமினல் நடவடிக்கை வேண்டும் என்று பத்திரிகையில் கடிதம் வெளியிட்டார்கள். ஆனால் வழக்கு எதுவும் போடப்படவில்லை. 1995இன் பாடம் நினைவில் இருந்தது போலும்.

மே 7ஆம் தேதி புதின் அதிபராகப் பதவியேற்றார். நான்கே நாளில், மே 11ஆம் தேதி, முகமூடி அணிந்த ஆயுதப் படையினர் என்டிவியை நடத்திய குசின்ஸ்கியின் மீடியா மோஸ்ட் நிறுவன அலுவலகங்களுக்குள் புகுந்து சோதனை போட்டார்கள். என்டிவி உயிர் பிழைக்க மூன்று நிபந்தனைகள் சொல்லப்பட்டதாகப் பின்னாளில் ஷெந்தெரோவிச் தெரிவித்தார். அவற்றில் ஒன்று, குக்லியில் புதின் பொம்மை வரக்கூடாது என்பது. அவர் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். அடுத்து வந்த ‘பத்துக் கட்டளைகள்’ நிகழ்ச்சியில் புதின் பொம்மை வரவே இல்லை. அதன் இடத்தில் மலைமேல் ஒரு மேகம். அங்கிருந்து கட்டளைகளை வாங்கிக்கொண்டு இறங்கி வரும் விவிலிய மோசேயாக, அதிபர் மாளிகையான கிரெம்ளினின் நிர்வாகத் தலைவருடைய பொம்மை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிய மாதிரியும் ஆயிற்று, புதினைக் கடவுளாக்கிக் காட்டிய மாதிரியும் ஆயிற்று.

ஜூன் 13ஆம் தேதி குசின்ஸ்கி மோசடிக் குற்றச்சாட்டில் கைதானார். மூன்று நாளில் விடுதலை. ஜூலையில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. தம் ஊடக நிறுவனத்தை அவர் அரசின் பிடியில் இருந்த காஸ்ப்ரோம் எரிவாயு நிறுவனத்துக்கு விற்க வேண்டும். அப்படி விற்றால் வழக்கு கைவிடப்படும் என்று அதன் பின்னிணைப்பு ஒன்று சொன்னது. அதில் பத்திரிகைத் துறை அமைச்சரே கையெழுத்திட்டிருந்தார். வழக்கும் அப்படியே கைவிடப்பட்டது, குசின்ஸ்கி நாட்டைவிட்டுப் போனார். சிறையைப் பேரம்பேசும் கருவியாகப் பயன்படுத்தியது தவறு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது. அதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. 2001 ஏப்ரல் 14ஆம் தேதி விடியும் முன்பே, காஸ்ப்ரோம் நியமித்த நிர்வாகம் என்டிவிக்குள் நுழைந்தது. வீதியில் திரண்ட ஆயிரக்கணக்கான மக்களால் அதைத் தடுக்க முடியவில்லை. ஷெந்தெரோவிச் வெளியேறினார். வேறு கைகளில் பிழைத்திருந்த குக்லியும் 2002இல் நின்றது.

பொம்மை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. செச்னியப் போரின் கொடுமைகளை என்டிவி துணிந்து காட்டியது. அதுவும் கிரெம்ளினுக்கு ஆகவில்லை.

ஆனால் இன்னொரு உண்மையையும் சொல்லாமல் விடக்கூடாது. என்டிவிக்கு இந்த நிலை வந்ததில் அதன் முதலாளிக்கும் பங்கு உண்டு. 1996 தேர்தலில் அந்த நிறுவனம் வெளிப்படையாக யெல்ட்சின் பக்கம் நின்றது. அதன் தலைவர் யெல்ட்சினின் பிரசாரக் குழுவிலேயே வேலை பார்த்தார். அதே ஆண்டு நான்காம் அலைவரிசை முழுவதும் என்டிவிக்குக் கிடைத்தது. காஸ்ப்ரோம் அதில் பங்கு வாங்கியது, பிறகு அதன் கடன்களுக்கு உத்தரவாதமும் கொடுத்தது. உறவு இனித்தவரை அந்தக் கடனைப்பற்றி யாரும் கேட்கவில்லை. உறவு கசந்ததும் கடன் பத்திரம் வெளியே வந்தது. ‘இது வெறும் வணிகத் தகராறு’ என்று அரசு கையைத் துடைத்துக்கொண்டது. ஏட்டளவில் அதில் பொய்யும் இல்லை.

ரஷ்யாவில் மட்டும்தான் இப்படி நடக்கும் என்று நினைக்க வேண்டாம். பேச்சுரிமையை அரசியல் சட்டத்தின் முதல் திருத்தமாகவே எழுதிவைத்திருக்கும் அமெரிக்காவுக்கு வாருங்கள். 2025 ஜூலையில் சிபிஎஸ் தொலைக்காட்சியின் தாய் நிறுவனமான பாரமவுன்ட், அதிபர் டிரம்ப் போட்ட வழக்கை முடித்துக்கொள்ள 1 கோடியே 60 லட்சம் டாலர் கொடுக்கச் சம்மதித்தது. அதே சிபிஎஸ்ஸில் இரவு நேர நையாண்டி நிகழ்ச்சி நடத்திவந்த ஸ்டீஃபன் கோல்பேர் இதை லஞ்சம் என்றே திரையில் சொன்னார். மூன்று நாள் கழித்து, அவருடைய நிகழ்ச்சி அடுத்த ஆண்டில் முடிந்துவிடும் என்ற அறிவிப்பு வந்தது. நஷ்டம்தான் காரணம் என்றது நிறுவனம். இரவு நேர நிகழ்ச்சிகளுக்கு விளம்பர வருமானம் குறைந்துவருவதும் உண்மைதான். ஆனால் பாரமவுன்டை ஸ்கைடான்ஸ் நிறுவனத்தோடு இணைக்க அரசின் அனுமதி அப்போது நிலுவையில் இருந்தது. அறிவிப்பு வந்த ஒரே வாரத்தில் அனுமதி கிடைத்தது.

இரண்டு மாதத்தில், ஏபிசி தொலைக்காட்சியில் இதேபோன்ற நிகழ்ச்சி நடத்தும் ஜிம்மி கிம்மலின் விவகாரம். கிம்மலின் பேச்சுக்காக, ஒளிபரப்பு உரிமம் வழங்கும் அரசு ஆணையத்தின் தலைவர் ஓர் உரையாடலில் ஏபிசியை வெளிப்படையாக மிரட்டினார். பெரிய இணைப்பு ஒன்றுக்கு அந்த ஆணையத்தின் ஒப்புதலை எதிர்பார்த்திருந்த நெக்ஸ்டார் நிறுவனம், கிம்மல் நிகழ்ச்சியைத் தன் நிலையங்களில் ஒளிபரப்ப மறுத்தது. ஏபிசி அதை நிறுத்தியது. ஆனால் இங்கே கதை வேறு மாதிரி முடிந்தது. ஏபிசியின் உரிமையாளரான டிஸ்னியின் சந்தாவைப் பலர் ரத்து செய்தார்கள். நூற்றுக்கணக்கான கலைஞர்கள் கண்டன அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். ஒரு வாரத்துக்குள் கிம்மல் திரும்பி வந்தார். மாஸ்கோவில் மக்கள் வீதிக்கு வந்தும் என்டிவியின் கடன் காஸ்ப்ரோமின் கையில்தான் இருந்தது. இங்கே டிஸ்னியின் வருமானத்தில் ஒரு பகுதி பார்வையாளர்களின் பணப்பையில் இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆகவே நேயர்களே, நகைச்சுவை எழுதுபவரின் துணிச்சல் மட்டும் போதாது. அவர் நிற்கும் மேடை யாருடையது, அந்த மேடைக்காரர் அரசிடம் எதை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. சுரங்கம், எண்ணெய், நிலம், கட்டுமானம் என்று பல தொழில் செய்பவரின் கையில் தொலைக்காட்சி இருந்தால், அந்தத் தொழில்கள் ஒவ்வொன்றும் அரசுக்கு ஒரு பிடிமானம். உரிமம் வழங்கும் ஆணையம் ஆளுங்கட்சியின் கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும். எந்தச் சேனலில் யாருக்கு எவ்வளவு பங்கு, எவ்வளவு கடன் என்பது எவரும் பார்க்கக்கூடிய பொதுத் தகவலாக இருக்க வேண்டும். நையாண்டிக்கு இவைதான் உண்மையான பாதுகாப்பு.

நீங்கள் விரும்பிப் பார்த்த ஒரு கேலி நிகழ்ச்சி திடீரென்று நின்றுபோனால், ‘நஷ்டம்’, ‘நிர்வாகக் காரணம்’ என்ற விளக்கத்தைக் கேட்டதோடு விட்டுவிடாதீர்கள். அந்த முதலாளியின் எந்தக் கோப்பு அரசு மேசையில் கிடக்கிறது என்று கேளுங்கள். சந்தா கட்டுபவரும் விளம்பரம் பார்ப்பவரும் நீங்கள்தான். கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு.