பச்சைச் சிசுவுக்கு வலி இல்லையா?

(விருதுநகர்த் தோழர்களிடையே பேசியது)



"பச்சைப் பிள்ளைக்கு வலி என்ன தெரியும்?" என்று நம் வீடுகளில் சொல்லுவதுண்டு. மாந்தம், இழுப்பு என்று வயிற்றில் சூடு போடுகிறவர்களுக்கும் இதே சமாதானந்தான். ஆனால் படித்த வைத்தியர்களில் பலரும் 1980-கள் வரையில் இதையே நம்பியிருந்தார்கள் என்று நாம் சொன்னால் உங்களுக்கு ஆச்சரியமாயிருக்கும். மேல்நாட்டு ஆஸ்பத்திரிகளிலேயே, குறைமாதச் சிசுவின் நெஞ்சைத் திறந்து ஆப்பரேஷன் செய்யும்போது, உடம்பு அசையாதிருக்க மருந்து கொடுத்துவிட்டு, வலி தெரியாதிருக்கப் போதிய மருந்து கொடாமல் விட்டார்கள். நரம்பு முற்றவில்லை, ஆகவே வலியில்லை என்பது வேதவாக்காயிருந்தது. பெரியவர்கள் எழுதி வைத்ததை யார் கேட்பது?

கேட்டவர் நம் நாட்டாரே. இந்தோரில் வைத்தியம் படித்து ஆக்ஸ்போர்டுக்குப் போன கன்வல்ஜீத் ஆனந்த் என்பவர், வாதாடிக் கொண்டிராமல் சிசுக்களின் இரத்தத்தைச் சோதித்தார். 1987-ல் வெளிவந்த அவருடைய சோதனையில், ஒரு சாராருக்கு வழக்கமான மருந்தோடு ஃபென்டனில் என்ற வலிமருந்தும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. மறு சாராருக்கு அது இல்லை. இல்லாதவர்களுக்கே, உடம்பு அபாயத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் அதிகம் ஏறின. பின்னால் வந்த தொல்லைகளும் அவர்களுக்கே அதிகம்.

சரி, வாயில்லாத சிசுவின் வலியை அறிவதெப்படி? அழுகையைக் கொண்டு என்பீர்கள். ஏழாம் மாதத்தில் பிறந்ததற்கு அழத் தெம்பேது? தொண்டையில் குழாயிருந்தால் சத்தமே வராது. 1996-ல் கனடாவில் போனி ஸ்டீவன்ஸ் முதலியோர் ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். புருவம் புடைப்பது, கண்ணை இறுக்குவது, மூக்கோரம் மடிப்பு விழுவது, இருதயத் துடிப்பு, இரத்தத்திலுள்ள பிராணவாயு, தூக்கமா விழிப்பா, எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்று ஏழு விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க்கு. இதிலுள்ள நியாயத்தைக் கவனியுங்கள். 28 வாரம் நிரம்பாமல் பிறந்ததற்கு எடுத்த எடுப்பிலேயே 3 மார்க்கு! முகம் சுளிக்கவும் சக்தியற்றதன் வலி கணக்கில் விட்டுப் போகக் கூடாதல்லவா?

விருதுநகருக்கு 2022-ல் சர்க்கார் வைத்தியக் கல்லூரியே வந்துவிட்டது. ஆனால் சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்துப் பட்டாசு வேலைத் தாய்மார்கள் டாக்டரிடம் வாய்திறக்கக் கூசுகிறார்கள். குதிகாலில் குத்தி இரத்தம் எடுக்கும்போது, "பிள்ளையை மார்பில் போட்டுக் கொள்ளலாமா? பால் கொடுக்கலாமா?" என்று தாராளமாய்க் கேளுங்கள். இரண்டும் வலியைத் தணிக்கும் என்பது சோதித்துக் கண்டது. நர்ஸ் அளந்து நாக்கில் விடும் சர்க்கரைத் துளியும் அப்படியே. அதைப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரியிலேயே கொடுக்கிறார்களே" என்று வீட்டில் சேனை வைக்கக் கிளம்பிவிடாதீர்கள். அது வேறு, இது வேறு.