காப்பித் தம்ளரும் தொடைத் தசையும்

முதுமையில் உடல்நலம் பேணுவது பற்றிப் பேசும் அவைகளில், உடற்பயிற்சியை ஒரு தட்டிலும் காப்பியை மறுதட்டிலும் வைத்து, முன்னதைப் புகழ்ந்து பின்னதை இகழ்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுப்பதே பிழையான கணக்கு. காப்பி ஒரு பழக்கம். அது கூடலாம், குறையலாம், வேண்டாமென்று விடப்படவும் செய்யலாம். கால்களின் வலுவோ, எழுபது வயதுக்காரர் ஒருவர் நள்ளிரவில் பிறர் கையைப் பிடிக்காமல் கழிப்பறைக்குச் சென்று திரும்புவாரா என்பதையே முடிவு செய்யும் முதலீடு.

காப்பியின் மீதான பழி இன்று நேற்று எழுந்ததன்று. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூல், தமிழ் இல்லங்களில் இப்பானம் நுழைந்து நீராகாரத்தின் இடத்தைப் பிடித்தபோது எழுந்த கவலைகளை விரிவாகப் பதிவு செய்கிறது. கொங்கு நாட்டில் இக்கதைக்கு ஒரு தனிச்சுவையும் உண்டு. கோவையில் 1860களில் காப்பிக்கொட்டை பதப்படுத்தும் தொழிலைத் தொடங்கிய ராபர்ட் ஸ்டேன்ஸ்தான், 1888இல் அந்நகரின் முதல் நூற்பாலை எழுவதற்கும் காரணமாக இருந்தார். ஆகவே இம்மண்டலத்துக்குக் காப்பியும் ஆலைநூலும் ஏறக்குறைய ஒரே கையிலிருந்து வந்தவை. இப்பகுதியின் பேக்கரிகளில் காப்பியைவிடத் தேநீரே மிகுதியாக விலைபோகிறது என்று எவரேனும் திருத்தினால், அத்திருத்தம் சரியானதே. இங்கே சொல்லப்படுவனவற்றுள் பெரும்பாலானவை இரண்டுக்கும் பொருந்தும்.

அந்த ஆலைநூலை நம்பி வாழ்ந்த உடல்கள்தாம் இன்று அறுபதைக் கடந்துகொண்டிருக்கின்றன. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டு மக்களில் 10.4 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர்களாக இருந்தனர். இவர்களிடம் உடற்பயிற்சி பற்றிப் பேசினால், வாழ்நாள் முழுவதும் பனியன் கம்பெனியில் உழைத்த உடம்புக்குத் தனியாகப் பயிற்சி எதற்கு என்ற மறுமொழியே முதலில் வரும். அம்மறுமொழியில் நியாயமான பெருமிதம் இருக்கிறது. ஆனால் உண்மை பாதிதான் இருக்கிறது. ஓவர்லாக் மெஷினில் அமர்ந்த டெய்லர் ஒருவரின் நாளை அருகிருந்து பார்த்தால் இது விளங்கும். கழுத்து குனிந்தே இருக்கிறது. பாதம் பெடலை மிதிக்கிறது. விரல்கள் துணியைத் தள்ளுகின்றன. தொடையும் இடுப்பும் மட்டும் எட்டு மணி நேரமும், ஒன்றரை ஷிஃப்ட் ஓடும் நாளில் பன்னிரண்டு மணி நேரமும், ஸ்டூலோடு ஒட்டிக் கிடக்கின்றன. பீஸ் ரேட்டுக்கு, அதாவது தைத்த உருப்படிகளின் எண்ணிக்கைக்குக் கூலி என்பதால், தண்ணீர் குடிக்க எழுவதும் நட்டமாகத் தோன்ற, டீ டைமில் வரும் ஒரு கிளாஸும் ஒரு பன்னும் பசியை ஒத்திப்போடும் கருவிகளாகிவிடுகின்றன. இவ்வாழ்க்கை தருவது களைப்பு. களைப்பு வேறு, பயிற்சி வேறு.

இவ்வேறுபாட்டை மருத்துவ உலகுக்கு முதலில் தெளிவாகக் காட்டியது ஒரு பேருந்துதான். லண்டன் நகரின் மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு ஜெர்மி மாரிஸ் குழுவினர் 1953இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு, நாள் முழுதும் இருக்கையில் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிச் சீட்டுக் கிழித்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று கண்டது. நிறுவனம் ஒன்றே, வண்டி ஒன்றே, வேலைநேரமும் ஒன்றே. மாறியது கால்களின் வேலை மட்டுமே. பின்னாளில், தொடக்கத்திலேயே ஓட்டுநர்களின் சீருடை இடுப்பளவு பெரிதாக இருந்ததையும் மாரிஸ் குழுவினரே கண்டறிந்து, தங்கள் முடிவைத் தாங்களே ஐயுற்று மேலும் ஆராய்ந்தனர் என்பது அந்த ஆய்வின் நேர்மைக்குச் சான்று. ஒரே பனியன் கம்பெனிக்குள் டெய்லர், அயர்ன் மாஸ்டர், செக்கிங் பெண்கள் ஆகியோரின் கால்கள் மூன்று விதமாக மூப்படைவதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

வயது ஏற ஏறத் தசையின் அளவும் வலுவும் குறைந்து வருவதை மருத்துவர்கள் 'சார்கோபீனியா' என்பர். கிரேக்க மொழியில் சதைக்குறைவு என்பது அதன் பொருள். முதியவர் தரையிலிருந்து எழ முடியாமல் போவதற்கும், பேருந்துப் படியில் தடுமாறுவதற்கும், விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கும் பின்னால் இக்குறைவு பெரும்பாலும் ஒளிந்திருக்கிறது. ஆனால் இது ஒருவழிப் பாதையன்று. பாஸ்டன் நகரில் மரியா ஃபியட்டரோன் குழுவினர், முதியோர் இல்லமொன்றில் தொண்ணூறு வயதையொட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரங்கள் எடை தூக்கும் காற்பயிற்சி அளித்தனர். பயிற்சியை முடித்தவர்களின் கால்வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது என்று 1990இல் அறிவித்தனர். எண்ணிக்கை சிறிது, எனினும் தொண்ணூறிலும் தசை கட்டளைக்குக் கீழ்ப்படிகிறது என்ற செய்தி பெரிது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் இதையொட்டியே அமைந்துள்ளது. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான அசைவு, அதாவது பேச முடியும், பாட முடியாது என்னும் அளவுக்கு மூச்சு வாங்கும் நடை போன்றவை, மேற்கொள்ள வேண்டும். வாரத்தில் இரு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும், மூன்று நாளாவது நிலைதடுமாறாமல் நிற்கப் பழக்கும் பயிற்சியும் வேண்டும். நடை மட்டும் போதும் என்று எண்ணுவோர் பின்னைய இரண்டையும் விட்டுவிடுகின்றனர் என்பதே இன்றைய பெருங்குறை. நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி என்ற எண்ணும் பலரை அச்சுறுத்துகிறது. அது 1960களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடியெண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவியதேயன்றி மருத்துவர் வகுத்த எல்லையன்று. சராசரி வயது 72 கொண்ட பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களிடம் செய்து 2019இல் வெளியான ஆய்வில், 4,400 அடி நடந்தவர்களுக்கே இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை.

இனிக் காப்பிக்குத் திரும்பலாம். 50 முதல் 71 வயது வரையிலான ஏறத்தாழ நான்கு இலட்சம் அமெரிக்கர்களைத் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியான ஆய்வு, காப்பி குடிப்பவர்களிடையே இறப்பு சற்றுக் குறைவு என்றே கண்டது. காப்பிதான் காரணம் என்று அது நிறுவவில்லை என்றாலும், காப்பியைக் கொலையாளி என்று கூற இடமில்லாமற் போயிற்று. உடலியக்கத்துக்கும் அது பகையன்று; விளையாட்டு வீரர்களின் ஆற்றலைச் சற்றே கூட்டுவதால் 2004 வரை காஃபீன் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் தடைப் பட்டியலில் இருந்தது. எனவே காலையில் ஒரு தம்ளர் குடித்துவிட்டு நடக்கப் போகலாமா என்று கேட்பவருக்கு, இரத்த அழுத்தமும் இதயத்துடிப்பும் கட்டுக்குள் இருந்தால் போகலாம் என்பதே விடை.

தீங்கு காப்பியில் இருப்பதைவிட, அதனைச் சூழ்ந்தவற்றில் இருக்கிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் சேர்ந்து உறக்கத்தை அழைக்கும் அடினோசின் என்னும் பொருளின் இருக்கையில் காஃபீன் முந்திச் சென்று அமர்ந்துகொள்கிறது. குடித்ததில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரமாகும் என்பதால், மாலை ஆறு மணிக் காப்பியின் பாதி இரவு பதினொன்றுக்கும் உள்ளேயே இருக்கிறது. உறக்கம் கெட்டவர் மறுநாள் நடக்கப் போவதில்லை. களைப்புக்கு இன்னொரு காப்பி குடிக்கிறார். அடுத்தது சர்க்கரை: தம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் ஏறத்தாழ பத்து கிராம், நான்கு தம்ளருக்கு நாற்பது கிராம், விரும்பத்தக்க அளவாக உலக சுகாதார நிறுவனம் கூறுவதோ நாளுக்கு ஏறத்தாழ 25 கிராம். வெள்ளைச் சர்க்கரையை விட்டு நாட்டுச் சர்க்கரைக்கு மாறிவிட்டதாகக் கூறி மன அமைதி கொள்வோர் இப்பகுதியில் பலர். கவுந்தப்பாடிச் சந்தையிலிருந்து வந்தாலும் அதுவும் இரத்தத்தில் சர்க்கரையாகவே ஏறுகிறது. தைராய்டு மாத்திரையைக் காப்பியோடு விழுங்கினால் மருந்து முழுமையாக உடலில் சேர்வதில்லை. தண்ணீரில் விழுங்கி அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். உணவோடு சேர்த்துக் குடிக்கும் காப்பியும் தேநீரும் கீரை, பயறுகளிலுள்ள இரும்புச்சத்தைத் தடுக்கின்றன. டபராவின் பெருமையை மட்டும் இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும்: 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் அருந்தும் பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் கூறியது, ஆற்றிக் குடிக்கும் வழக்கம் அதற்கு நெடுங்காலம் முன்பே இங்கே வந்துவிட்டது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பதிலாக ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் போதும் என்று முடித்துக்கொள்ளும் முதியோரின் வழக்கமே இவையனைத்திலும் கொடியது. தசைக்குப் புரதம் வேண்டும். கொள்ளும் பச்சைப்பயறும் தட்டைப்பயறும் விளையும் மண்ணில் அது பஞ்சமன்று.

முதுமையிலும் உடலை இயக்க முடியும் என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. கோவையில் யோகம் கற்பித்து 2018இல் பத்மஸ்ரீ பெற்று, மறுவருடம் 99 வயதில் மறைந்த நானம்மாள்; நூறு வயதைக் கடந்தும் இரண்டரை ஏக்கர் நிலத்தில் இறங்கி வேலை செய்து, 2021இல் அதே விருது பெற்ற தேக்கம்பட்டி பாப்பம்மாள்; பெண்களுக்கு வள்ளி கும்மி என்னும் நாட்டார் ஆட்டத்தைப் பயிற்றுவித்து 87 வயதில், 2024இல் அவ்விருதுக்குரியவரான பத்திரப்பன் ஆகிய மூவரும் கொங்கு மண்ணினர். நீண்ட நாள் வாழ்ந்தவர்களை மட்டும் எண்ணிப் பார்ப்பது அறிவியலாகாது. ஆயினும் மூவரும் செய்தது ஒன்றுதான்: அறுபதில் நிறுத்தவில்லை. இன்று அவிநாசி வட்டாரத்தில் வள்ளி கும்மி அரங்கேறும் இடங்களில் பேத்தியோடு சேர்ந்து அடியெடுத்து வைக்கும் அம்மச்சிகள் செய்வது, வலுவும் நிலைப்பும் மூச்சும் ஒருங்கே சேர்ந்த பயிற்சியே.

நடப்பதற்கு இடமில்லை என்ற குறை உண்மையானது; தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்தில் முதியவரை நடக்கச் சொல்வது அறிவுரையாகாது. ஆனால் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி வைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டம், பவானியின் உபரிநீரை 1,045 குளங்குட்டைகளுக்குக் கொண்டுசெல்லும் நோக்குடையது. நீர் வந்த குளத்தின் கரையைச் சமன்படுத்தி, முள்ளை அகற்றி, நூறு அடிக்கு ஒரு திண்ணையும் இரண்டு விளக்கும் அமைத்தால் அதைவிட நல்ல நடைபாதை வேண்டியதில்லை. உள்ளாட்சி அமைப்புகள் இதைத் தங்கள் தீர்மானப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் உண்டு. சுவரோரம் போட்ட உறுதியான நாற்காலியில் அமர்ந்து, கைகளை மார்பின் குறுக்கே மடித்து, முப்பது நொடிகளில் எத்தனை முறை முழுதாக எழுந்து அமர முடிகிறது என்று எண்ணுவது மருத்துவர்கள் கையாளும் எளிய அளவுகோல். எழுபதுக்கும் எழுபத்துநான்குக்கும் இடைப்பட்ட ஆண் பன்னிரண்டுக்குக் குறைந்தாலும், பெண் பத்துக்குக் குறைந்தாலும் விழும் ஆபத்து இருப்பதாகக் கொள்ளப்படுகிறது. வீட்டுப் பெரியவர்கள் நாளைக் காலை, அருகில் ஒருவரை நிறுத்திக்கொண்டு இதைச் செய்து பார்க்கட்டும். டிகாக்ஷன் இறங்கும் நேரமே அதற்குப் போதும்.