தவறணை வாசல்



கரவனெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பழைய கள்ளுத் தவறணையில் வந்துதான் நிற்கும். விடியலில் பால் வெட்டப் போனவர்களுக்குப் பின்னேரம் ஓய்வு. ஓலைக்கூரை, மரவாங்கு, கித்துள் கள்ளின் புளிப்பு. பாட்டும் அங்கேதான், பஞ்சாயத்தும் அங்கேதான் என்பார்கள். குடிக்கு நான் பரிந்து பேசவில்லை. ஆனால் லயக் காம்பராவில் நாலு பேர் கூடி உட்கார இடமேது?

ஒரு பாட்டியிடமும் கேட்டேன். "உள்ள போனதில்ல சார். வாசல்தான் தெரியும்" என்றார். சம்பள நாளில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்து நின்ற வாசல். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச சம்பளச் சட்டத்தின் கீழும் பெண்ணுக்குக் கூலி குறைவுதான், சமமானது 1984இல். அந்தக் குறைந்த கூலியையும் பல வீடுகளில் புருஷனே வாங்கிக்கொண்டான். அவர் காத்து நின்றது தன் காசுக்காக.

தவறணை இருந்த இடத்தைக் காட்டச் சொன்னேன். ஆண்கள் அங்கே இங்கே என்று தர்க்கித்தார்கள். பாட்டி நேரே நடந்து போய் ஒரு பலாமரத்தடியில் நின்றார்.

"இங்கனதான் நிப்பேன் சார்."